கார் முகப்பு விளக்குப் புதுப்பிப்பு: நடமாடும் சேவைக்கு எந்த சாண்டர், எந்த மின்சாரம்?

மங்கிப்போன கார் முகப்பு விளக்குகளை வீட்டு வாசலுக்கே சென்று தேய்த்துப் பளிச்சென்று ஆக்கித் தரும் தொழிலில் நம் இளைஞர்கள் பலர் இறங்கி வருகிறார்கள். கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. ஒரு காரின் பின்பக்கத்தில் அடங்கும் சாமான்களோடு சனி, ஞாயிறு பகுதி நேரமாகவும் செய்யலாம். ஆனால் முதலீடு வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்தை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு மின்சாரம் கொடுக்க இன்னும் பெரிய கருவிகளை வாங்க வேண்டியதாகிவிடுகிறது. இந்த வேலைக்குச் சிறிய இயந்திரமே போதும். அதை முதலில் புரிந்துகொண்டால் மின்சாரச் செலவும் தானாகவே சிறியதாகிவிடும்.

விளக்கு ஏன் மங்குகிறது?

பழைய கார்களின் முகப்பு விளக்குகள் கண்ணாடியால் ஆனவை. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அது உடையாது, எடை குறைவு. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதைப் பழுப்பாக்கிவிடும். அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மீது கடினமான பாதுகாப்புப் பூச்சு ஒன்று போடப்படுகிறது. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் நாட்டில், கூரையில்லாத இடத்தில் நிறுத்தப்படும் காரில் அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் வெடித்து, உரிந்து, மஞ்சளாகிவிடுகிறது.

தெருவிளக்கு இல்லாத செம்பனைத் தோட்டச் சாலைகளில் இரவு வேலை முடிந்து வருபவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல. மங்கிய விளக்கு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. சாலையில் குறுக்கே நிற்கும் மாடும், பின்விளக்கு இல்லாத மோட்டார் சைக்கிளும் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். புஸ்பகோம் சோதனையிலும் முகப்பு விளக்கின் வெளிச்சம் அளந்து பார்க்கப்படுகிறது.

தேய்ப்பதால் சரியாவது வெளிப்பக்க மங்கல் மட்டுமே. உள்ளே ஈரம் கோத்திருந்தாலும், பிளாஸ்டிக்கின் உட்பகுதியில் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடியிருந்தாலும் எந்த சாண்டரும் உதவாது. விலை பேசுவதற்கு முன்பே டார்ச் அடித்து இதைப் பார்த்து, வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இயந்திரத்தின் வேலை எதுவரை?

விளக்கைத் தேய்க்கும் வேலையில் இரண்டு கட்டங்கள் உள்ளன. பழைய பூச்சை முழுவதுமாக எடுப்பது முதல் கட்டம். 400 அல்லது 600 எண் உப்புத்தாளில் தொடங்கி 800, 1000 என்று போகும். இதுதான் கைவலிக்கும் வேலை. இதற்கே இயந்திரம் தேவை. முந்தைய தாள் போட்ட கீறலை 1500, 2000, 3000 எண் தாள்களால் மெருகேற்றி மறைப்பது இரண்டாம் கட்டம். இதைத் தண்ணீர் தெளித்துக் கையால் செய்தாலே போதும். அதிக நேரமும் ஆகாது.

முதல் கட்டம் உலர்வாக, இயந்திரத்தால். இரண்டாம் கட்டம் ஈரமாக, கையால். இப்படிப் பிரித்துக்கொண்டால் இயந்திரம் ஓடும் நேரம் பாதிக்கும் மேல் குறையும். மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் சேராமல் இருப்பது அதைவிடப் பெரிய நன்மை.

எந்த சாண்டர்?

ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் இந்த வேலைக்கு ஏற்றது. அதன் தட்டு சுழலும்போதே சிறு வட்டமாக ஆடவும் செய்யும். அதனால் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் கீறல் விழாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

தட்டின் அளவு: விளக்கின் ஓரங்கள் வளைந்தவை. 150 மில்லிமீட்டர் தட்டு பம்பரிலும் போனட்டிலும் உரசி பெயிண்டைக் கெடுத்துவிடும். 75 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலத் தட்டு மிக வசதியானது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 125 மில்லிமீட்டர் சாண்டரையும் கவனமாகப் பயன்படுத்தலாம்.

ஆட்டத்தின் அகலம்: 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை போதும். 5 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ளவை பழைய பெயிண்டை வேகமாக எடுக்க ஏற்றவை. விளக்கில் அவை ஆழமான கீறலை விடும்.

வேகக் கட்டுப்பாடு: இது கட்டாயம் வேண்டும். பாலிகார்பனேட் ஏறத்தாழ 147 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். ஒரே இடத்தில் முழு வேகத்தில் அழுத்தினால் பிளாஸ்டிக் சூடாகிக் குழைந்து, தாளும் அடைத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, மக்கித்தாவின் BO என்ற வரிசையில் 5030, 5031 என இரண்டு 300 வாட் சாண்டர்கள் உண்டு. இரண்டுக்கும் 125 மில்லிமீட்டர் தட்டுதான். 5031-இல் மட்டுமே வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். விளக்கு வேலைக்கு அதுவே சரி.

மெத்தைத் தட்டு: சாண்டர் தட்டுக்கும் உப்புத்தாளுக்கும் இடையில் ஒட்டும் மென்மையான ஸ்பாஞ்ச் தட்டு இது. விலை குறைவு, பலன் அதிகம். வளைவில் தாள் முழுவதும் படிய இது உதவும். இல்லாவிட்டால் தட்டின் விளிம்பு மட்டும் பட்டுப் பள்ளம் விழும்.

கையில் ஏற்கெனவே டிரில் இருப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம். 3 அங்குலத் தட்டை டிரில்லில் மாட்டித் தேய்க்கும் தொகுப்புகள் விற்பனையில் உள்ளன. ஆனால் டிரில் சுழல மட்டுமே செய்யும், ஆடாது. அதனால் வேகத்தைக் குறைத்து, கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பட்டறைகளில் காற்றில் ஓடும் சாண்டரைப் பார்த்துவிட்டு அதையே வாங்க நினைப்பவர்களும் உண்டு. அது எடை குறைந்தது, தண்ணீருக்கும் அஞ்சாது. ஆனால் தொடர்ந்து ஓட அதற்கு நிறைய காற்று வேண்டும். காரில் ஏற்றக்கூடிய ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. நடமாடும் சேவைக்கு அது ஒத்துவராது.

மின்சாரத்துக்கான எளிய கணக்கு

ஒரு விளக்குக்கு மூன்று தாள், தாளுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் இரண்டு விளக்குக்கும் சேர்த்து இயந்திரம் ஓடுவது ஏறத்தாழ 25 நிமிடம். 300 வாட் சாண்டர் முழுச் சுமையில் 25 நிமிடம் ஓடினால் செலவாவது 125 வாட்-மணி. மெதுவாக அழுத்தும் வேலையில் உண்மையில் இதைவிடக் குறைவாகவே செலவாகும். இருந்தாலும் ஒரு காருக்கு 125 என்று கணக்கிட்டால் ஏமாற வேண்டியிருக்காது. இந்த எண்ணை வைத்து நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1. வாடிக்கையாளர் வீட்டு மின்சாரம்: மலிவான வழி இதுதான். ஆனால் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பிளக் கிடைக்காது. எக்ஸ்டென்ஷன் வயர் சுருளை முழுவதும் பிரித்த பிறகே பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடி ஓட்டினால் சூடேறும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். 100 வோல்ட்டில் ஓடும் பழைய ஜப்பானியக் கருவியை மலிவு என்று வாங்கி, நம் நாட்டு 240 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் சொருகினால் அது அன்றே கருகிவிடும்.

2. கார் பேட்டரியும் இன்வெர்ட்டரும்: கேட்க எளிது, கணக்குப் போட்டால் கடினம். 300 வாட் சாண்டருக்கு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 29 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர்தான். அதில் சொருகினால் ஃபியூஸ் போய்விடும். இன்வெர்ட்டரைத் தடித்த வயரால் பேட்டரியில் நேரடியாக, ஃபியூஸ் வைத்துப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் ஒரு காருக்கு 12 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய கார்களின் பேட்டரி 35 முதல் 45 ஆம்பியர்-மணி. இரண்டு கார் முடிந்ததும் சொந்தக் காரே ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடலாம். என்ஜினை ஓடவிட்டு வேலை செய்வது திறந்த வெளியில் மட்டுமே சரி. மூடிய கார் நிறுத்துமிடத்தில் அந்தப் புகை உயிருக்கு ஆபத்து.

இன்வெர்ட்டர் வாங்குவோர் பியூர் சைன் வேவ் வகையையே கேட்க வேண்டும். மலிவான மற்ற வகையில் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதியும் பேட்டரி சார்ஜரும் சூடாகிக் கெட வாய்ப்புண்டு. தொடக்கத்தில் மோட்டார் அதிகம் இழுக்கும் என்பதால் 300 வாட் சாண்டருக்கு 600 வாட் இன்வெர்ட்டர் வேண்டும்.

3. பவர் ஸ்டேஷன்: பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும். 500 வாட்-மணி பெட்டியில் இழப்பு போக ஏறத்தாழ 425 கையில் கிடைக்கும். அது மூன்று காருக்குப் போதும். 1,000 வாட்-மணி என்றால் ஆறு கார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நீண்ட நாள் உழைக்கும். விலை அதிகம் என்பதால், வாடிக்கையாளர் பெருகிய பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம்.

4. பேட்டரி சாண்டர்: தொடங்குபவர்களுக்கு மிகவும் ஏற்றது இதுதான். வயர் இல்லை, இன்வெர்ட்டர் இழப்பு இல்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. மூன்று பேட்டரி இருந்தால் 270. டிரில், சாண்டர் இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்கினால் பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை முதல் வாரத்திலேயே பழைய விளக்கு ஒன்றைத் தேய்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கார் ஒப்புக்கொள்ளலாம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

வேக சார்ஜர்கள் 200 வாட்டுக்கும் மேல் இழுக்கும். அவற்றையும் சிகரெட் லைட்டர் துளையில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்ட முடியாது. 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் கார் சார்ஜர்கள் சில நிறுவனங்களில் உண்டு. வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும்.

பாலிஷர் என்ற பொறி

பலருடைய கணக்கைக் கெடுப்பது சாண்டர் அல்ல, கடைசியில் மினுக்கும் பாலிஷர்தான். 7 அங்குல ரோட்டரி பாலிஷர் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்த ஒரு கருவிக்காக 2,000 வாட் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் தேவைப்படும். முகப்பு விளக்கு உள்ளங்கை அகலம்தான். பேட்டரி டிரில்லில் 3 அங்குல ஸ்பாஞ்ச் மாட்டி மினுக்கினால் அதே பலன் கிடைக்கும்.

உயிருக்கும் பெயருக்கும்

வயர் போட்ட சாண்டரைத் தண்ணீர் தெளித்த விளக்கின்மீது ஓட்டவே கூடாது. அது ஈரத் தேய்ப்புக்குச் செய்யப்பட்ட கருவி அல்ல. பேட்டரி சாண்டரையும் நனைக்கக் கூடாது. விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுவதும், தூசிக்கு முகக்கவசமும் கண்ணாடியும் அணிவதும் கட்டாயம்.

தேய்த்து முடித்த விளக்கில் பழைய பாதுகாப்புப் பூச்சு இருக்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய பூச்சு போடாமல் விட்டால், சில மாதங்களில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகும். மினுக்கிவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவருக்கு அந்தத் தாமானில் இரண்டாவது வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். எந்த எண் தாளோடு நிறுத்த வேண்டும் என்பது பூச்சுக்குப் பூச்சு மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் கிளியர் வகை மூச்சுக்குக் கேடு. அதற்குத் தூசிக் கவசம் போதாது, வாயுவைத் தடுக்கும் கவசம் வேண்டும்.

முதல் மாதத்துக்குத் தேவையானவை இவைதாம்: வேகக் கட்டுப்பாடு உள்ள ஒரு பேட்டரி சாண்டர், ஒரு டிரில், மூன்று பேட்டரி, ஒரு மெத்தைத் தட்டு, 400 முதல் 3000 வரை தாள்கள், டேப், நல்ல பூச்சு ஒன்று. சொந்தக் காரிலோ பழைய இரும்புக் கடையில் வாங்கிய விளக்கிலோ நான்கைந்து முறை பழகிய பிறகே பிறர் காரில் கை வைக்க வேண்டும். மற்ற கருவிகளை வரும் வருமானத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.