பச்சைத் தண்ணீரும் ஒரு பாதிரியாரும்: தைப்பூச விரதத்துக்கு முன் ஒரு பதிவு

பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு நிதானமா படிங்க.

போன வருஷம் தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி நம்ம கோயில் பின்பக்கம் நடந்தது சில பேருக்குத்தான் தெரியும். நம்ம தம்பிங்க போன்ல வீடியோ பார்த்துட்டு, காவடிக்கு உடம்பைத் தயார் பண்றோம்னு ஒரு பெரிய பீப்பாயில தண்ணியும் ஐஸும் கொட்டி வெச்சிருந்தாங்க. விடியற்காலை நாலரை மணி. அறுபது வயசைத் தாண்டின தொண்டர் அண்ணன் ஒருத்தர், பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர், "நானும் ஒரு வாளி ஊத்திக்கிறேன்"னு அதுல மொண்டு ஒரே மூச்சுல தலையில கொட்டினார். மூச்சு இழுத்துச்சு. பேச முடியலை. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆண்டவன் புண்ணியத்துல பிழைச்சார்.

அந்த ஐஸ் மூட்டையை வாங்கி வண்டியில ஏத்திட்டு வந்தது நான்தான். அதனாலதான் இந்தப் பச்சைத் தண்ணி வைத்தியம் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். படிச்சதை உங்ககிட்ட சொல்லணும்.

ஐரோப்பாவில் இதைப் பெரிய வைத்தியமாக்கியவர் ஒரு விவசாயி மகன். பெயர் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ், பிறந்தது 1799. ஊர் கிராஃபென்பெர்க், இப்போ செக் நாட்டில் இருக்கு. இளவயசில் வண்டி மோதி விலா எலும்பு உடைஞ்சு போச்சு. வைத்தியர் கைவிட்டார். இவர் ஈரத்துணியை உடம்பில் சுத்திச் சுத்தி, தானே குணப்படுத்திக்கிட்டார். அப்புறம் ஊர் மக்கள் வர ஆரம்பிச்சாங்க. 1839-இல் ஒரே வருஷத்தில் 1,500 பேருக்கு மேல் அவரிடம் வந்தாங்க. பள்ளிப் படிப்பு பெரிசா இல்லாத மனிதர். தண்ணியில் ஏதோ மருந்து கலக்கிறார்னு சந்தேகப்பட்டு, அவர் ஒத்திக் கொடுக்கும் ஸ்பாஞ்சைக்கூட பரிசோதிச்சாங்கன்னு சொல்வாங்க. தண்ணியைத் தவிர வேற ஒண்ணும் இல்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்தான் நம்ம கதையின் நாயகர், செபாஸ்டியன் க்னைப். 1821-இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தார். அப்பா நெசவாளி. வீட்டில் வறுமை. சின்ன வயசிலேயே தறியில் உட்கார்ந்தவர். பாதிரியார் ஆகணும்னு ஆசை, ஆனால் காசு இல்லை. இருபது வயசைத் தாண்டித்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போக முடிஞ்சது. படிக்கிற காலத்தில் காசநோய் வந்துடுச்சு. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது.

அப்போது அவர் கையில் ஒரு பழைய புத்தகம் கிடைச்சது. ஜோஹான் சீக்மண்ட் ஹான் என்ற மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன் தண்ணீரின் சக்தியைப் பற்றி எழுதியது. 1849 குளிர்காலத்தில் க்னைப் டில்லிங்கன் ஊரில் படிச்சிட்டிருந்தார். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டான்யூப் ஆற்றுக்குப் போவார். அவர் செய்த முறையைக் கவனிங்க. ஆத்துக்கு வேகமா நடந்து உடம்பைச் சூடாக்கிக்கிட்டுதான் போவார். தண்ணியில் சில விநாடிதான். உடனே துணியைப் போட்டுக்கிட்டு மறுபடியும் வேகமா வீட்டுக்கு. உடம்பு தேறியது. 1852-இல் பாதிரியார் ஆனார். 1855-இல் வோரிஸ்ஹோஃபென் என்ற கிராமத்து மடத்துக்கு வந்தார். அந்த ஊர்தான் பின்னாளில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேடி வரும் இடமா மாறியது.

க்னைப் 1886-இல் தன் நீர் வைத்தியத்தைப் புத்தகமா எழுதினார். வயசு 65. அதில் அவரே ஒப்புக்கிட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. தன் முறையை மூணு தடவை மாத்தினாராம். முதலில் கடுமை. அப்புறம் மென்மை. அப்புறம் இன்னும் மென்மை. ஐஸ் ஆற்றில் குதிச்சுப் பிழைச்ச மனிதரே, வந்தவங்களை எல்லாம் ஆற்றில் தள்ளலை. பூவாளியில் கொஞ்சமா ஊத்தினார். காலில் ஆரம்பிச்சு, மெதுவா மேலே. வெறும் காலில் முழங்கால் அளவுத் தண்ணியில் நடக்க வெச்சார். குளிர்ந்த உடம்பில் பச்சைத் தண்ணி ஊத்தக் கூடாது, முதலில் உடம்பு சூடா இருக்கணும் என்பது அவர் விதி.

இது எனக்கு எங்க தோட்டத்து லயத்தை ஞாபகப்படுத்துச்சு. எங்க பாட்டி தொட்டித் தண்ணியை முதலில் காலில் ஊத்தி, அப்புறம் கை, கடைசியாத்தான் தலை. "எடுத்ததும் தலையில ஊத்தாதேடா"ன்னு திட்டும். ஆத்துல இறங்கும்போதும் முதலில் காலை நனைச்சு, கொஞ்சம் தண்ணியைத் தலையில் தெளிச்சிட்டுத்தானே நாம முழுகுறோம்?

காந்திஜி கதையும் இதோடு சேரும். 1902-இல் பம்பாயில் அவர் மகன் மணிலாலுக்கு டைபாய்டும் நிமோனியாவும் வந்தது. காய்ச்சல் 104. லூயி கூனே என்ற ஜெர்மானியர் சொன்ன இடுப்புக் குளியலைக் கொடுத்தார். தொட்டியில் மூணு நிமிஷத்துக்கு மேல் உட்கார வைக்கலை. ஒருநாள் ராத்திரி ஈரத் துணியைச் சுத்திப் படுக்க வெச்சிட்டு, தாங்க முடியாம வெளியே நடந்தாராம். பிள்ளை பிழைச்சது. ஆனால் தகப்பனா அவர் எவ்வளவு பயந்தார்னு தன் சுயசரிதையில் மறைக்காம எழுதியிருக்கார். நாம அதைச் செய்ய வேண்டாம். காய்ச்சல்னா கிளினிக்குப் போங்க.

இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்லுது? திடீர்னு குளிர்ந்த தண்ணி பட்டால் மூச்சு தானாக இழுக்கும், இதயம் வேகமா அடிக்கும், ரத்த நாளம் சுருங்கி பிரஷர் ஏறும். முதல் அரை நிமிஷம்தான் ரொம்ப மோசம். நம்ம அண்ணனுக்கு நடந்தது இதுதான். நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்க சில நிமிஷம் வீதம் ஐந்தாறு தடவை பழகினாலே இந்த அதிர்ச்சி வெகுவாகக் குறையும், அந்தப் பழக்கம் பல மாதம் உடம்பில் நிற்கும். எதிர்ப்புச் சக்தி பழக்கத்தில் வருது, வீரத்தில் இல்லை.

நெதர்லாந்தில் 3,018 பேரை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2016-இல் வெளியிட்டாங்க. 30 நாள், வெந்நீரில் குளிச்சு முடிச்சதும் கடைசியில் பச்சைத் தண்ணி. சிலருக்கு 30 விநாடி, சிலருக்கு 60, சிலருக்கு 90. வேலைக்கு எம்.சி. போடுவது 29 விழுக்காடு குறைஞ்சது. ஆனால் நோய்வாய்ப்பட்ட நாட்கள் குறையலை. 30 விநாடி ஊத்தினவருக்கும் 90 விநாடி ஊத்தினவருக்கும் வித்தியாசமும் இல்லை. அதிகம் தாங்கினா அதிகப் பலன்னு ஒண்ணும் கிடையாது. க்னைப் சொன்னதும் அதுதானே?

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். புது ஆளை முதல் நாளே பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிறுத்த மாட்டேன். மெஷினைக்கூட குளிர்ந்த நிலையில் முழு வேகத்தில் ஓட்ட மாட்டோம். உடம்பு மட்டும் இளப்பமா?

தம்பிகளா, இந்த வருஷமும் விரதம் இருங்க, விடியற்காலை குளிங்க. நம்ம ஊர் பைப் தண்ணியே போதும். காலில் ஆரம்பிங்க. நாளுக்கு நாள் கூட்டுங்க. ஐஸ் வேண்டாம். இதயம், பிரஷர், சர்க்கரை இருக்கிற பெரியவங்க டாக்டரைக் கேட்டுட்டு, வெதுவெதுப்பான தண்ணியில் குளிங்க. முருகன் கோபிச்சுக்க மாட்டார். தனியா குளிக்காதீங்க, பக்கத்தில் ஒருத்தர் இருக்கட்டும். நெஞ்சு வலிச்சா 999.

அந்த அண்ணன் இந்த வருஷமும் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க வந்திருக்கார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐஸ் மூட்டைதான் ஞாபகம் வருது. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இதைப் படிச்சுக் காட்டுங்க.

வேலும் மயிலும் துணை. 🙏