ஆறு விலகிய கரையில் சாந்த்ராகாச்சி

சென்னை சென்ட்ரலிலும் தாம்பரத்திலும் ரயில் அறிவிப்பில் அடிக்கடி காதில் விழும் பெயர் சாந்த்ராகாச்சி. நம் ஊர் ஆலைகளுக்கு வேலை தேடி வரும் இளைஞர்களும், வைத்தியத்துக்காக வேலூர் வரும் வங்காளக் குடும்பங்களும் மூட்டை முடிச்சுகளோடு ஏறி இறங்கும் நிலையம். கொல்கத்தா போகும் நம்மவர்கள், ஹவுரா நெருங்கிவிட்டது என்று பெட்டிகளை இறக்கி வைக்கத் தொடங்கும் இடம். அதற்கு மேல் அந்த ஊரை நாம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஹூக்ளியின் மேற்குக் கரையில், இந்த ஊரும் அதன் அக்கம்பக்கமும் கிடக்கும் சில மைல் நிலத்தில்தான், கொல்கத்தா பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, வங்கத்தின் கடல் வணிகம் நங்கூரம் போட்டு நின்றது.

கதையை ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். வடக்கே திரிவேணியில் சரஸ்வதி என்ற கிளை ஹூக்ளியிலிருந்து பிரிந்து, மேற்கே வளைந்து, சாந்த்ராகாச்சிக்குத் தென்மேற்கே சாங்க்ரைலில் மீண்டும் வந்து சேர்ந்தது. அந்தக் கிளையின் கரையில் இருந்த சப்தகிராமம்தான் அன்றைய வங்கத்தின் பெருந்துறைமுகம். 16-ம் நூற்றாண்டில் சரஸ்வதி தூர்ந்துகொண்டே வந்தது. சிறிய கப்பல்கள் போயின. பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதவில்லை. அவை தெற்கே, இன்றைய ஷிப்பூரை ஒட்டிய பேத்தோர் என்ற இடத்தில் நின்றுவிட்டன. சாந்த்ராகாச்சிக்கு அது பக்கத்து ஊர். 1495-ல் விப்ரதாஸ் பிப்பிலாய் பாடிய மனசா மங்கல காவியத்திலேயே பேத்தோரின் பெயர் வருகிறது.

அந்தப் பேத்தோரைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் வெனிஸ் நகர வணிகர் சீசர் ஃபெடரிச்சி. 1560-களின் பிற்பகுதியில் இந்த வழியாக அவர் சப்தகிராமம் போனார். போகும்போது பேத்தோரில் ஜனம் நெரிகிறது. கணக்கற்ற கப்பல்கள், கடைவீதிகள். வீடு, கடை, கிடங்கு எல்லாமே வைக்கோலும் புல்லும் கொண்டு வேய்ந்தவை. கப்பல்கள் நிற்கும் மாதங்களுக்கு மட்டுமே அந்த ஊர். கப்பல்கள் பாய் விரித்ததும் அவரவர் தம் இடத்துக்குத் தாமே தீ வைத்துவிட்டுப் புறப்படுவார்கள். கடைசிக் கப்பலோடு திரும்பி வந்த ஃபெடரிச்சி, ஊர் இருந்த இடத்தில் கரிந்த தடங்களை மட்டும் கண்டு திகைத்துப் போனதாக எழுதுகிறார். அடுத்த ஆண்டு கப்பல் வந்தால் மறுபடியும் வேய்வார்கள், மறுபடியும் கொளுத்துவார்கள். நம் மயிலாப்பூர்க் கடற்கரையில் ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்குவதை வியந்து விவரித்தவரும் இவரே.

ஆற்று வணிகத்தை நம்பியவர்கள் ஆறு போன திசையில் போனார்கள். சப்தகிராமத்தை விட்டுக் கிளம்பிய சேட், பசாக் என்ற ஜவுளி வணிகக் குடும்பங்கள் கிழக்குக் கரையில் கோவிந்தபூரில் குடியேறின. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் வந்து இறங்கிய சுதாநூட்டி அதற்கு வடக்கே இருந்த நூல் சந்தை. கொல்கத்தாவின் தொடக்கத்தைச் சார்னாக்கின் பெயரோடு முடித்துவிடுவது நம் பாடநூல்களின் பழக்கம். அவருக்கு முன்பே இடத்தைத் தேர்ந்தெடுத்தது இந்த நெசவு வணிகர்களும் தூர்ந்த ஆறும்தான்.

மேற்குக் கரைமேலும் கம்பெனிக்கு ஆசை இருந்தது. மொகலாய மன்னர் ஃபரூக்சியரிடம் 38 கிராமங்களைக் கேட்டு மனுப் போட்டபோது, 1714 மே மாத ஆலோசனைக் குறிப்பில் மேற்குக் கரையின் 5 கிராமங்களும் பட்டியலில் இருந்தன: சால்கியா, ஹவுரா, காசுந்தியா, ராமகிருஷ்ணபூர், பேத்தோர். மற்றவற்றுக்கு அனுமதி வந்தது; இந்த ஐந்துக்கும் வரவில்லை. 1760-ல் மீர் காசிமோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகே இக்கரை கம்பெனி வசமாயிற்று. 1787-ல் ஷிப்பூர் ஆற்றோரத்தில் ராபர்ட் கிட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தாவரவியல் தோட்டம் போட்டார். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் சணல் ஆலைகள் எழுந்தன. அவற்றை நடத்தப் பெரும்பாலும் டண்டீ துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்து மேற்பார்வையாளர்கள் வந்தார்கள்.

ஆற்றோரம் இப்படி மாறிக்கொண்டிருக்க, உள்ளே தள்ளியிருந்த சாந்த்ராகாச்சி நெடுங்காலம் விவசாயக் கிராமமாகவே இருந்தது. அதன் சேனைக்கிழங்குக்கு வங்கம் முழுவதும் பெயர். வேளாண் நூல்களில் இன்றும் 'சாந்த்ராகாச்சி' என்பது ஒரு சேனை ரகம். வேகவைத்து மசித்து, கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள். சேனையின் அரிப்பை அடக்க நம் வீடுகளில் சேர்க்கும் புளிதான் அங்கும் கைகொடுக்கிறது. பக்கத்திலுள்ள ராம்ராஜாதலாவில் ராமர் விழா ராம நவமியில் தொடங்கி வங்காளிகளின் சிராவண மாதக் கடைசி ஞாயிறுவரை நடக்கிறது. அந்த மாதம் நமக்கு ஆடி. ஏறக்குறைய 4 மாதத் திருவிழா! சாந்த்ராகாச்சி ஜமீன்தார் அயோத்யாராம் சௌத்ரி தொடங்கியது. சரஸ்வதி பூஜையை விடமாட்டோம் என்று சிலர் நிற்க, ராமர் திருவுருவத்துக்கு மேலே சரஸ்வதியை அமர்த்திச் சமாதானமானார்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு.

1900-ல் பெங்கால் நாக்பூர் ரயில்வே, கோலாகாட்டில் ரூப்நாராயண் நதிக்குப் பாலம் கட்டிக் கரக்பூரையும் ஹவுராவையும் இணைத்தது. கிராமம் ரயிலடி ஆயிற்று. 1992-ல் ஹூக்ளியின் மேல் வித்யாசாகர் பாலம் திறந்தது. கோனா விரைவுச் சாலையும் வந்தது. ஊர் நெரிசலாயிற்று. 2018 அக்டோபரில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட தள்ளுமுள்ளில் இருவர் உயிரிழந்தனர்.

நிலையத்தை ஒட்டியே ரயில்வேக்குச் சொந்தமான பெரிய ஏரி இருக்கிறது, ஜீல் என்கிறார்கள். குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கூடவே வடக்கு ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நீலச்சிறகி. சீழ்க்கைச் சிறகி இராமேய்ச்சல் பறவை. பகலெல்லாம் ஏரியில் தூங்கி வழிந்துவிட்டு, இருட்டியதும் வயல்வெளிகளைத் தேடிப் பறக்கும். அதற்குப் படுக்கை ஆகாயத்தாமரை. மொத்தமாக விட்டால் தண்ணீர் மூடிப் பறவை இறங்க முடியாது. மொத்தமாக வாரினால் உட்கார இடமில்லை. ஆகவே குளிருக்கு முன் செடியை வாரிவிட்டு, நடுவில் திட்டுத் திட்டாக விட்டுவைக்கிறார்கள். அந்த வேலை தாமதமான ஆண்டுகளில் பறவைகள் குறைந்துபோகின்றன. சுற்றிலுமுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் ஏரியில் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போயிருக்கிறது. கழிவுநீரை மறித்துச் சுற்றுக்கால்வாயில் திருப்பி, சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்பதுதான் அங்கே வைக்கப்பட்ட தீர்வு. ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்க வேண்டிய பெரிய பொறியியல் இதில் எதுவும் இல்லை. அதைச் செய்து முடிக்க ரயில்வேயும் மாநகராட்சியும் மாநில அரசும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும்.

(தொடரும். அடுத்த வாரம் ரூப்நாராயண் பாலம் கடந்து, கரக்பூர்.)