நீலமும் கருநீலமும்

இந்த மலருக்காக எமது கல்லூரியின் பழைய சேர்விடாப்புகளை எடுத்துப் பார்த்தோம். 1940களின் பக்கங்கள் இன்றும் கறுத்துத் தெளிவாக இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் பிந்தி எழுதப்பட்டவையோ வெளிறிக் கிடக்கின்றன. சில வரிகளில் முதலெழுத்து மட்டுமே மிச்சம். பழையது நிற்கப் புதியது மங்கியதற்குக் காரணம் மை.

எம்மில் பலர் முதலில் தொட்ட ஊற்றுப்பேனை ஷாங்ஹாயில் செய்த ஹீரோ. 1941இல் அமெரிக்காவில் வெளிவந்த பார்க்கர் 51இன் சாயலில் நிப்பை மூடிய பேனை அது. மெரூன் மூடிக்காரி ஊதா மை கேட்பாள், பச்சை மூடிக்காரி பச்சை கேட்பாள். சிவப்பு ஆசிரியைகளுக்கே உரியது. அதை நாம் கனவிலும் தொட்டதில்லை. “மூடியைப் பார்த்து மை வாங்காதே பிள்ளை, கொப்பியைப் பார்த்து வாங்கு” என்பார் எமது தமிழ் டீச்சர். அப்போது அது வெறும் கண்டிப்பாகவே பட்டது.

போட்டி உண்மையில் இரண்டு நிறங்களுக்கிடையேதான். கழுவினால் போகும் ரோயல் புளூ பார்வைக்கு அழகு. வெள்ளைச் சட்டையில் சிந்தினாலும் அம்மாவிடம் தப்பிக்கலாம். ஆனால் அட்டன் மழையில் நனைந்து வந்த கொப்பியில் வீட்டுக்கணக்கு முழுவதும் ஒரே நீலக் குளமாகிவிடும். வெயில் பட்டாலும் அந்தச் சாயம் வெளிறும்.

பழைய கருநீல மை வேறு வகை. 1832இல் இங்கிலாந்தில் ஹென்றி ஸ்டீபன்ஸ் செய்து விற்ற புளூபிளாக் மை இவ்வகையில் பெயர் பெற்றது. இரும்பு உப்பும் மரக்காய்களின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தது அது. எழுதும்போது தெரிவதற்காகவே நீலச் சாயம் கலப்பார்கள். பிறகு காற்றுப் பட்டு இரும்பு கறுத்து, தாளின் நாரோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே பிறப்பு, விவாகப் பதிவுகளுக்கு இதையே பயன்படுத்தியதால் ‘பதிவாளர் மை’ என்ற பெயரும் உண்டு. எமது முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே முறைதான். துருப்பிடித்த ஆணியைச் சாயம் மிகுந்த தேத்தண்ணியில் போட்டு வைத்தால் கறுப்பதை லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் கண்டிருப்போம்.

இந்த மைக்கு ஒரு குறை உண்டு. பேனைக்குள் காயவிட்டால் அடைத்துக்கொள்ளும். உருக்கு நிப்பை மெல்ல அரிக்கும். தங்க நிப்பு தாங்கும், ஆனால் தங்க நிப்பு எம்மிடம் எங்கே இருந்தது? அடிக்கடி தண்ணீரில் கழுவிப் பாவிக்க வேண்டும். கடைகளில் கருநீலம் என்று விற்றதெல்லாம் இரும்பு மையும் அல்ல. வெறும் சாயத்தில் செய்ததும் உண்டு. இறக்குமதிகள் இறுக்கப்பட்ட 1970களிலோ, கடையில் கிடைத்ததே மை.

வெளிறிய பக்கங்கள் அந்த ஆண்டுகளுக்குரியவை. 1948இல் எமது மக்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எமது தாய்மார் பலர் கொழுந்துக் கறை படிந்த பெருவிரலால் அந்தப் படிவங்களில் கைநாட்டு வைத்தார்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் ஒரு நாள் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறப் போய்விடுவாள். இடாப்பின் கடைசிக் கட்டத்தில் ‘இந்தியா செல்லல்’ என்று எழுதுவார்கள். அந்தக் கட்டம்தான் இப்போது அதிகம் அழிந்திருக்கிறது. யார் போனார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள் என்பதை இன்று எம்மால் அந்த ஏட்டிலிருந்து எழுத முடியவில்லை.

ஆகவே இம்மலரின் மாணவியர் பட்டியலில் அந்த ஆண்டுகளுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறோம். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களும் வேறெங்கும் இருப்பவர்களும் தங்கள் பெயர், தோட்டம், வகுப்பு ஆகியவற்றை எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். அன்று கூடப் படித்தவர்களின் பெயர்கள் நினைவிருந்தால் அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தயவுசெய்து ரோயல் புளூவில் வேண்டாம்.