அமெரிக்காவில் வாடகைச் சுமையும் இன வேறுபாடும்

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்கும் மின்சாரம், தண்ணீர் போன்ற செலவுகளுக்கும் போனால், அந்தக் குடும்பத்தை வாடகைச் சுமை உள்ளதாக அமெரிக்க அரசு கணக்கில் சேர்க்கிறது. பாதிக்கு மேல் போனால் கடும் சுமை. மாதம் 3,000 டாலர் சம்பாதிப்பவருக்கு எல்லை 900 டாலர். நியூயார்க்கில் அந்தப் பணத்துக்குத் தனி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

இந்த 30 ஒன்றும் பொருளியல் விதி அல்ல. மாசசூசெட்ஸைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் எட்வர்டு புரூக் 1969இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அரசுக் குடியிருப்புகளின் வாடகையை வருமானத்தில் கால் பங்குக்குள் நிறுத்தியது. ரீகன் ஆட்சியில், 1981இல், அது 30 ஆனது. அதுவே பிறகு எல்லோருக்கும் அளவுகோலாக நிலைத்துவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகத்தின் 2023ஆம் ஆண்டுத் தரவின்படி, வாடகைக் குடும்பங்களில் 49.7 விழுக்காடு இந்தச் சுமையைத் தாங்குகின்றன. வெள்ளையரிடையே இது 46.7, கறுப்பினத்தவரிடையே 56.2. ஆசியர் என்ற ஒரே தலைப்பு அவ்வளவாக உதவாது: மென்பொருள் பொறியாளரும் உணவக ஊழியரும் அதே கட்டத்தில்தான் அடைபடுகிறார்கள்.

வருமான ஏற்றத்தாழ்வு இந்த இன வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். ஆனால் அதற்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. சிகாகோவில் 1910இல் சுமார் 44,000 ஆக இருந்த கறுப்பின மக்கள், 1940இல் 2,78,000ஐ நெருங்கினர். மற்ற பகுதிகளில் வெள்ளையர் அல்லாதாருக்கு வீடு தரக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்ததால், தெற்குப் பகுதியின் குறுகிய வட்டத்துக்குள்ளேயே அவர்கள் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்கள் பெரிய குடியிருப்புகளைத் தடுத்து ஒற்றை அறைகளாக்கினார்கள். ‘கிச்சனெட்’ எனப்பட்ட அந்த ஒண்டுக் குடித்தனங்களில், ஒரு மூலையில் அடுப்பு, தாழ்வாரத்தில் பல குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரே கழிப்பறை. வசதி குறைந்தாலும் வாடகை மட்டும் குறையவில்லை. போக்கிடம் இல்லாதவர்களிடம் கேட்டதுதான் விலை. அத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1968 ஆனது.

வாடகைக்காக அரசு தரும் உதவிச் சீட்டு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. குடும்பம் ஏறக்குறைய 30 விழுக்காட்டைக் கொடுக்க, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு மீதியை அரசு நேரே வீட்டுக்காரருக்குச் செலுத்தும். தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் ஏதேனும் வாடகை உதவி கிடைக்கிறது. சீட்டு கிடைத்தவர்களையும் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பும் வீட்டுக்காரர்கள் உண்டு. அதைப் பொதுவாகத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. இல்லினாய் மாநிலம் 2023 ஜனவரி முதல் அதற்குத் தடை விதித்திருக்கிறது.