ஒரே நாடு ஒரே சந்தா: திருப்பதியில் யாருக்குக் கதவு திறக்கிறது, யாருக்கு இல்லை?

வேலைக்காக ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடிக்கிறீர்கள். சுருக்கம் இலவசம். முழுசாகப் படிக்க 30 டாலருக்கு மேல், அதாவது 2,500 ரூபாய்க்கு மேல் கேட்கிறது. அதே லிங்க்கை திருப்பதி ஐஐடி வளாகத்திலிருந்து ஒரு மாணவர் கிளிக் செய்தால், பிடிஎஃப் நேராகத் திறக்க வாய்ப்பு அதிகம். அவர் காசு கட்டவில்லை. அவருக்காக மத்திய அரசு கட்டியிருக்கிறது.

இது எப்படி நடக்குது, உங்களுக்கு இதில் இடம் உண்டா? பார்ப்போம்.

திட்டம் என்ன?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் இதில் அடக்கம். 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு.

வகுத்துப் பார்த்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 1,100 ரூபாய். ஒரே ஒரு கட்டுரையின் விலையில் பாதிகூட இல்லை.

இதற்கு முன்பு வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் 10 நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாகப் பேரம் பேசி சந்தா கட்டின. இப்போது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் எல்லாருக்கும் சேர்த்து ஒருங்கிணைக்கிறது.

ஒரே ஊர், இரண்டு நிலை

திட்டத்தில் சேரத் தகுதியுள்ளவை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும்தான்.

திருப்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983-இல் வந்த ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் மாநில அரசுடையவை. 2015-இல் வந்த ஐஐடி, ஐசர் இரண்டும் மத்திய அரசுடையவை. 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமான தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். இவை தகுதி வரம்புக்குள் வருகின்றன.

அதே ஊரில், சித்தூர் வரை நீளும் சாலைகளில், தனியார் பொறியியல் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போய்ப் படிப்பவர்களும் அங்கே உண்டு. அவர்களுக்கு இந்தச் சந்தா பொருந்தாது. கல்லூரி சொந்தக் காசில் சந்தா கட்ட வேண்டும், அல்லது டெல்நெட் போன்ற கூட்டமைப்பில் சேர வேண்டும். ஒரே பாடம், ஒரே மாதிரி புராஜெக்ட். ஆனால் படிக்கக் கிடைப்பது வேறு.

கதவு உங்களை எப்படி அடையாளம் காணுது?

முதல் வழி, ஐபி முகவரி. நூலகம் தன் வளாகத்தின் ஐபி எண்களைப் பதிப்பகத்திடம் கொடுத்துவிடும். அந்த எண்ணிலிருந்து வருபவரை பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடுவார்கள்.

இரண்டாவது, ப்ராக்ஸி சர்வர். விடுதியிலோ வீட்டிலோ இருக்கிறீர்கள் என்றால், முதலில் நூலகத்தின் சர்வரில் லாகின் செய்ய வேண்டும். அதன் பிறகு நீங்கள் வளாகத்துக்குள் இருப்பதாகவே பதிப்பகம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'இன்ஃபெட்'. பதிப்பகத்தின் தளத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், நிறுவனத்தின் லாகின் பக்கத்துக்குப் போகும். 'ஆமாம், இவர் எங்கள் ஆள்' என்ற பதில் மட்டும் பதிப்பகத்துக்குப் போகும், பாஸ்வேர்ட் போகாது.

மூன்றுக்கும் பின்னால் நூலகரின் வேலை இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் கணக்கைத் திறப்பது, படிப்பை முடித்தவரின் கணக்கை மூடுவது, ஐபி பட்டியலைப் புதுப்பிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நெட்வொர்க் மாறிய தகவல் பதிப்பகத்துக்குப் போகாவிட்டால், தகுதி இருந்தும் மொத்த வளாகமும் வெளியே நிற்கும்.

ஒருத்தர் செய்தால் எல்லாருக்கும் பூட்டு

ஸ்கிரிப்ட் எழுதி ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே ராத்திரியில் இறக்கினால் என்ன ஆகும்? பதிப்பகத்தின் கணினி கண்டுபிடித்து அந்த ஐபியை முடக்கலாம். வளாகம் முழுக்க ஒரே ஐபி வழியாக வெளியே போகிறது என்றால், மறுநாள் காலை அங்கே யாருக்கும் கட்டுரை திறக்காது.

பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுப்பதும் இப்படித்தான். அது உங்கள் சொந்தச் சந்தா இல்லை. உங்கள் நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தம். நீங்கள் ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிறீர்கள், தம்பியின் கல்லூரி லாகினைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது ஒப்பந்த மீறல். பெரும்பாலான கல்வி உரிமங்கள் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை.

படிச்சு முடிச்சாச்சு, இப்போ?

பலர் போன இடம் சை-ஹப். அதற்கு எதிராக எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகியவை 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது.

சட்டப்படி உள்ள வழிகள் இவை:

• அன்பேவால்: பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், அதே கட்டுரையின் இலவசப் பிரதி வேறெங்காவது சட்டப்படி கிடைக்கிறதா என்று காட்டும்.

• ஆர்க்கைவ், பப்மெட் சென்ட்ரல்: இயற்பியல், கணினி அறிவியலுக்கு முதலாவது, மருத்துவம், உயிரியலுக்கு இரண்டாவது.

• சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள்.

• ஆசிரியருக்கு மின்னஞ்சல்: இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கேட்பவருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன.

• நேரில் போவது: பல ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாள் அங்குள்ள கணினியில் படிக்க இடம் உண்டு. ஆனால் உள்ளே விடுவது நூலகத்தின் முடிவு. பழைய கல்லூரிக்குப் போகும் முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

2027-க்குப் பிறகு?

சந்தா என்பது வாடகை மாதிரி. கட்டுவதை நிறுத்தினால் கதவு மூடலாம். இப்போதைய ஒதுக்கீடு 2027 முடிவு வரைதான். புதுப்பிக்கும் பேச்சு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: தனியார் கல்லூரி மாணவர்கள் உள்ளே வருவார்களா? பழைய இதழ்களைத் தொடர்ந்து படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அரசு கட்டுவது உங்கள் வரிப்பணம். அதனால் அந்தப் பதில்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.