ஆமை காக்கும் ஆட்டம்

ஸ்வீடன் நாட்டு நிரலாளர் மார்கஸ் பெர்சன் 2009இல் வெளியிட்ட மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு, கனசதுரங்களால் ஆன ஓர் உலகம். மண், கல், மரம் எல்லாம் சதுரக் கட்டிகள். பெயர்த்தெடுக்கலாம், வேறிடத்தில் அடுக்கலாம். அங்கே உலவும் உயிர்களுக்கும் சதுர உடம்புதான். தொடக்க ஆண்டுகளில் அவற்றுக்குக் குணம் என்று சொல்லும்படி அதிகம் இல்லை. பன்றி திரியும், கோழி முட்டையிடும், அவ்வளவே. புகழ்பெற்ற கிரீப்பர் என்னும் பச்சை வெடியுயிர்கூட, பன்றிக்கு உருவம் அமைக்கையில் நீளமும் உயரமும் இடம் மாறிப்போன பிழையில் பிறந்தது என்று அதை ஆக்கியவரே சொல்லியிருக்கிறார். 2014இல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2018 ஜூலையில் வந்த புதுப்பிப்பில்தான் விளையாட்டின் கடலில் பவளப்பாறையும் கடற்புல்லும் ஓங்கிலும் ஆமையும் சேர்ந்தன.

என் அக்கறை அந்த ஆமையோடு. இரண்டு ஆமைகளுக்குக் கடற்புல் ஊட்டினால் ஒன்று சூல் கொள்கிறது. சூல் கொண்டதும், எவ்வளவு தொலைவில் இருந்தாலும், தான் பொரிந்து வெளிவந்த அதே கரையை நோக்கிப் புறப்படுகிறது. பிறந்த இடத்தின் மூன்று எண்களை நிரல் அதன் உயிரோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறது. கரை சேர்ந்து மணலைக் கிளறி, நான்கு முட்டை வரை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. பிறகு அந்த முட்டைகளை அது எட்டிப் பார்ப்பதில்லை. முட்டைகள் படிப்படியாக விரிசல் விட்டு, பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருளில் பொரிகின்றன. அதற்குள் நடமாடும் பிணங்கள் அவற்றைத் தேடி வந்து மிதித்து உடைக்கப் பார்க்கும். தப்பிய குஞ்சுகளுக்கு நரியும் பூனையும் காத்திருக்கும்.

இவற்றில் பிணங்களைத் தவிர மற்றவை ராமேசுவரம் கரையில் வாழ்கிறவர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. நெய்தல் பாடிய புலவர்களுக்கும் புதியவை அல்ல. அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஓர் ஆமை வருகிறது. நிறைசூல் கொண்ட அது அடும்பங்கொடி சிதைய இழுத்து, கழியோரத்து வெண்மணல் மேட்டில் முட்டையிட்டுப் புதைத்து மறைக்கிறது. முட்டையில் புலால் நாற்றம் வீசுகிறது. இன்றைக்கும் தனுஷ்கோடி மணலில் அடும்பு படர்ந்து கிடக்கிறது. தையிலிருந்து பங்குனி வரை அங்கே இரவில் கரையேறும் சிற்றாமைக்குப் பங்குனி ஆமை என்றே தமிழகக் கரைகளில் ஒரு பெயர் உண்டு. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இட்டு, மணலை மூடி, மார்பால் அழுத்திச் சமன் செய்துவிட்டுப் போகும். புலவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

அந்த முட்டைக்கு அவர் சொல்லும் உவமைதான் என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்து வந்தது. யானைக் கொம்பில் கடைந்த வட்டைப் போன்றது முட்டை என்கிறார். வட்டு என்பது ஆட்டக்காய். நற்றிணையின் மூன்றாம் பாடலில் வேப்ப மரத்துப் புள்ளி நிழலில் சிறுவர்கள் தரையில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அரங்கு வகுக்காமல் வட்டாடுவதைக் கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள் உவமையாக எடுத்துக்கொள்கிறது. ஆமையின் முட்டையை ஆட்டக்காயாகக் கண்ட முதல் மொழி நம்முடையதாக இருக்கலாம் என்று சொல்ல ஆசை எழுகிறது, அடக்கிக்கொள்கிறேன். கோடு கீறிய அரங்கிலும் கட்டிகள் அடுக்கிய திரையிலும் ஆமை முட்டை ஆட்டத்துக்குள் வந்திருக்கிறது என்பது மட்டும் உண்மை.

அதே பாடலில் ஒரு தவறும் இருக்கிறது. முட்டைகள் குஞ்சாகும் வரை பிளந்த வாயுடைய ஆண் ஆமை அவற்றைக் காத்து நிற்கிறதாம். கடலாமையில் அப்படி நடப்பதில்லை. பொரிந்து கடலில் இறங்கிய ஆண் ஆமை அதன் பின் கரையேறுவதே மிக அரிது. இவ்வளவு நுட்பமாகக் கண்ட புலவர் இதை மட்டும் ஏன் பிழைபடச் சொன்னார்? இது தோழி கூற்று. இரவில் மறைந்து வந்துகொண்டிருந்த தலைவன் இப்போது ஊரறியப் பகலில் தேரேறி வருகிறான். மணம் கைகூடப் போகிறது. அந்த இடத்தில், ஈன்றதைக் காக்கும் கணவன் ஒருவன் உள்ளுறையாக வேண்டியிருக்கிறான். ஆமையிடம் இல்லாத ஒழுக்கத்தை மனிதன் பொருட்டு ஆமைக்கு ஏற்றிவிட்டார்.

பின்னால் வந்தவர்களும் ஏற்றினார்கள். ஐங்குறுநூற்றின் 44ஆம் பாடலில் பொய்கை ஆமையின் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது. சைவ மரபு ஒரு படி மேலே போனது. மீன் பார்வையாலும், பறவை தொடுகையாலும், ஆமை நினைவாலும் குஞ்சு பொரிக்கும் என்று வகுத்து, அவற்றையே நயன, பரிச, மானச தீட்சைகளுக்கு உவமை ஆக்கியது. முட்டையைப் புதைத்துவிட்டுக் கடலுக்குப் போன தாய் அங்கிருந்தபடி அதை நினைத்துக்கொண்டே இருக்கிறாளாம். கைவிட்டுப் போகிறது என்ற கசப்பான உண்மையைப் பார்த்தவர்கள்தான் இந்த ஆறுதலைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வணிகர்களுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், முசிறிச் சரக்குகளுக்கிடையிலும் இலங்கையின் விளைபொருள்களுக்கிடையிலும் ஆமை ஓட்டைக் குறிப்பிடுகிறது. அழுங்காமையின் ஓட்டிலிருந்து சீப்பும் சிமிழும் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பேராமை இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது. குருசடைத் தீவைச் சுற்றி நடந்த வேட்டை பற்றி 1950இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது. மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஜோன்ஸ் 1968இல் இப்பகுதியின் ஆமை மீன்பிடிப்பை ஆராய்ந்து எழுதினார். பிடித்த ஆமையை மல்லாத்திப் போட்டுவிட்டால் அது ஓடாது. நாள் கணக்கில் உயிரோடும் இருக்கும். ஆமையின் ஒழுக்கங்களில் சந்தைக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின் எல்லாக் கடலாமைகளும் அதன் முதல் பட்டியலில் சேர்ந்த பிறகே வெளிப்படையான வணிகம் நின்றது.

இப்போது விளையாட்டுக்குத் திரும்பலாம். அங்கேயும் ஆமை ஓட்டுக்குத் தேவை உண்டு. ஐந்து செதில்களைச் சேர்த்தால் ஒரு தலைக்கவசம் கிடைக்கும். அதை அணிந்தால் நீருக்கடியில் பத்து விநாடி கூடுதலாக மூச்சு நிற்கும். ஆனால் வளர்ந்த ஆமையைக் கொன்றால் கிடைப்பது கடற்புல் மட்டுமே. செதில் வேண்டுமானால் குஞ்சு வளர்ந்து பெரிதாகும் தருணத்தில் அது தானாக உதிர்க்க வேண்டும். ஆகவே பேராசை பிடித்த ஆட்டக்காரன் என்ன செய்கிறான்? முட்டைகளைச் சுற்றி வேலி கட்டுகிறான், விளக்கு வைக்கிறான், பிணங்களை விரட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறான். அகநானூற்றுப் புலவர் ஆண் ஆமையிடம் ஒப்படைத்த வேலை இங்கே ஆட்டக்காரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உயிர்களுக்கு மனித ஒழுக்கத்தை ஏற்றும் நம் நீண்ட மரபில் இது எதிர்த்திசையில் போகும் ஒரு திருப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆமை தன் இயல்போடு போகிறது, காவல் மனிதனுக்குரியதாகிறது.

பாராட்டிவிட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். விளையாட்டின் பவளத்தை நீரிலிருந்து எடுத்தால் சில நொடிகளில் வெளிறிச் சாம்பல் நிறக் கல்லாகிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த கதையை அறிந்தவர்களுக்கு அது வலிக்கும் துல்லியம். 2001இல்தான் பவளங்கள் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்தன. இந்தக் கரையில் ஆவுளியா என்று வழங்கும் கடற்பசு, கடற்புல்லையே தின்று வாழ்வது, அந்தக் கடலில் இல்லை. அது போகட்டும். பெரிய குறை வேறு. மைன்கிராஃப்ட் ஆமை நீரில் மூழ்கி மூச்சு முட்டுவதே இல்லை; ஓங்கிலுக்குக் காற்று வேண்டும் என்று வைத்தவர்கள் ஆமைக்கு அதை வைக்கவில்லை. உண்மை ஆமைக்கு நுரையீரல். அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். இழுவைமடியில் சிக்கினால் வர முடியாது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் தெற்கேயும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து கரை ஒதுங்கின. முட்டையிட வந்தவை அவை. பெரும்பாலானவை வலையில் மூச்சு முட்டி இறந்திருக்கலாம் என்றே பேசப்பட்டது. விளையாட்டின் பிணங்கள் முட்டையை மிதிக்கின்றன, தாயைத் தொடுவதில்லை.

பிறந்த கரைக்குத் திரும்புதல் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓரளவு விடை உண்டு. அமெரிக்காவின் கென்னத் லோமன் முதலியோரின் ஆய்வுகள், குஞ்சு தன் கரையின் காந்தப்புலத் தடத்தைப் பதித்துக்கொண்டு பின்னால் அதைத் தேடி வருகிறது என்ற கருத்தை வலுப்படுத்தியுள்ளன. மூன்று எண்கள் எழுதிவைக்கும் நிரலாளரின் உத்தி அவ்வளவு பொய்யில்லை. ஆனால் அந்தக் கரை நிலைத்து நிற்க வேண்டுமே. 1964 டிசம்பர் 22, 23 இரவின் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. கரைக்கோடு மாறியது. அந்தப் பருவத்துக்கு முன் அங்கே பொரிந்து கடலில் இறங்கிய குஞ்சுகள், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சூலோடு திரும்பியிருந்தால், ரயில் நிலையமும் சுங்கச் சாவடியும் இருந்த ஊரைச் சுவர்களாகத்தான் கண்டிருக்கும். மணல் இருந்தது, அவற்றுக்கு அது போதும்.

இப்போது பருவம் தோறும் வனத்துறையினர் தனுஷ்கோடிக் கரையில் ஆமையின் தடத்தைப் பார்த்து நடக்கிறார்கள். நாயும் நரியும் தோண்டுவதற்கு முன் முட்டைகளைத் தோண்டியெடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மறுபடி புதைக்கிறார்கள். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். பொரிந்தவற்றைக் கூடையில் கொண்டுவந்து நேரே அலையில் விடுவதில்லை. நீரிலிருந்து சற்றுத் தள்ளி மணலில் விடுகிறார்கள். அவை தாமாகவே ஊர்ந்து போக வேண்டும். போகும் வழியில் அந்தக் கரையைத் தமக்குள் பதித்துக்கொள்ளக்கூடும் என்ற எண்ணம்.