திருமலைக் கோட்டைக்குள் ஒரு டப்ளின்காரரின் வீடு: பார்க்க வருவோருக்குச் சில குறிப்புகள்

கோணேசர் ஆலயத்துக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். உள்ளே இராணுவ முகாம். வீதியோரம் மான்கள் மேயும். ஏறிப் போகும் வழியில் ஒரு பழைய ஆங்கிலேயர் காலத்து வீடு இருக்கிறது. வெல்லஸ்லி வீடு, வெலிங்டன் வீடு என்று இரண்டு பெயராலும் அதைச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த வீட்டைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் அயர்லாந்தின் நினைவிடங்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

யார் இந்த வெல்லஸ்லி?

ஆதர் வெல்லஸ்லி 1769இல் டப்ளினில் பிறந்தவர். 1799இல் திப்பு சுல்தான் கொல்லப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றவர். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவரும் இவரே. 1800ஆம் ஆண்டின் இறுதியில், கடல் கடந்த படையெடுப்பு ஒன்றுக்காகத் துருப்புகளைத் திரட்ட இவர் திருகோணமலைக்கு வந்தார். 1801 பெப்ரவரியில் படையோடு பம்பாய்க்குப் புறப்பட்டார்.

இங்கே நோயில் படுத்ததால்தான் மூழ்கிப்போன கப்பலில் ஏறாமல் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. அவர் நோயுற்றது பம்பாய்க்குப் போன பிறகு. அவர் பயணம் செய்திருக்க வேண்டிய 'சுசானா' என்ற கப்பல் அழிந்தது உண்மை.

அந்த வீட்டுக்கு முந்திய கதை

கோட்டையின் கதை வெல்லஸ்லியோடு தொடங்கவில்லை. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. 1620களில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். வாசலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். இரட்டைக் கயல் பொறித்த கல்லும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் சுவரில் பதிந்திருக்கும். 1950இல் மண்ணுக்குள்ளிருந்து தெய்வத் திருவுருவங்கள் கிடைத்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் ஆலயச் சிதைவுகளைக் கண்டார்கள். இப்போதுள்ள ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல்.

ஒரே மலையில் இரண்டு கதைகள் இருக்கின்றன. எந்தக் கதைக்குப் பலகை வைப்பது, எதை விடுவது என்பதுதான் இன்றைய சிக்கல். இதே சிக்கல் அயர்லாந்துக்கும் இருந்தது.

அயர்லாந்து என்ன செய்தது?

டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் வெல்லஸ்லிக்கு 62 மீற்றர் உயரத் தூண் ஒன்று நிற்கிறது. 1817இல் தொடங்கிய வேலை 1861இல்தான் முடிந்தது. வாட்டர்லூவில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலப் பலகைகள் அதில் உண்டு. அவற்றில் ஒன்று இந்தியப் போர்களைக் காட்டுவது. சுதந்திரம் பெற்ற பிறகும் அந்தத் தூணை இடிக்காமல் விட்டார்கள். ஆனால் தங்கள் கதையைச் சொல்லும் இடங்களையும் சொந்த முயற்சியால் உருவாக்கிக்கொண்டார்கள்.

கில்மேனம் சிறை அப்படிப்பட்ட ஓர் இடம். 1916 எழுச்சியின் தலைவர்களில் 14 பேரை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றது இந்தச் சிறையின் முற்றத்தில்தான். 1924இல் மூடப்பட்ட கட்டடம் பாழடைந்து கிடந்தது. 1960இல் தொண்டர்கள் கூடிச் சங்கம் அமைத்து, சம்பளம் வாங்காமல் திருத்தினார்கள். 1966இல் மக்களுக்குத் திறந்தார்கள். அரசு பொறுப்பேற்றது 1986இல்தான். வேலை செய்தவர்களிடையே பழைய உள்நாட்டுப் போரின் பகை இருந்தது. அதனால் 1921க்குப் பிந்திய நிகழ்வுகளை அப்போதைக்குப் பேசுவதில்லை என்று உடன்பட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பகுதியும் காட்சியில் சேர்ந்தது.

டெரி நகரம் இன்றும் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தில் இருக்கிறது. 1972 ஜனவரி 30இல் பிரித்தானிய இராணுவம் அங்கே ஊர்வலம் சென்ற மக்களைச் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பிறகு இறந்தார். முதல் விசாரணை படையினரைக் காப்பாற்றியது. 38 ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல், இரண்டாவது விசாரணையின் அறிக்கை கொல்லப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்றது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். சம்பவம் நடந்த அதே குடியிருப்பில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நடத்துவது உறவினர்கள் முன்னின்ற அறக்கட்டளை.

திருமலையில் பார்க்க வேண்டியவை

கோட்டை, ஆலயம், வெல்லஸ்லி வீடு மூன்றையும் ஒரே காலையில் பார்க்கலாம். முகாம் பகுதியில் படமெடுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒல்லாந்தரின் ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி தேவை. நகரின் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் புதைக்கப்பட்டிருக்கிறார், இறந்தது 1852இல். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர் மயானம் உண்டு. அங்கே ஒவ்வொரு கல்லறையையும் பராமரிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது, இடிக்கப்பட்ட நம்முடைய துயிலும் இல்லங்கள் நினைவுக்கு வராமல் போகாது.

கடற்கரையில் காந்தி சிலைப் பக்கமும் நில்லுங்கள். 2006 ஜனவரி 2இல் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்ட இடம் அது. சந்தேகநபர்கள் 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. சுற்றுலாக் கையேடுகளில் இந்த இடத்தைத் தேட வேண்டாம். பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம்மால் முடிந்தது

1922இல் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. 1981இல் யாழ் நூலகத்தை இழந்த நமக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் காப்பகங்களில் இருந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 2022இல் அவர்கள் ஓர் இணையக் காப்பகத்தைத் திறந்தார்கள். பிரதி வேறோர் இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

எனவே திருமலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டு முதியவர்களை இந்த இடங்களுக்குக் கூட்டி வாருங்கள். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். பழைய ஊர்ப் பெயர்கள், காணி உறுதிகள், கோயில் நோட்டீசுகள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, திகதியும் இடமும் எழுதி வையுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும், இன்னொன்று கடல் கடந்து இருக்கட்டும்.